காயில்காரர் கட்டிய மோட்டார்

கையால் தையல் மிஷின் சக்கரத்தைச் சுற்றினால் தையல் விழுந்தது. மோட்டாரில் போட்டால் விழவில்லை. மூன்று நாளாக அந்த வீட்டில் இதுதான் கதை.

கையால் சுற்றி விழுந்த தையலை யாரிடம் காட்டினாலும் குறை சொல்ல வாய் வராது. மேலும் கீழும் ஒரே சீர். ‘அப்பாடா, சரியாகிவிட்டது’ என்று ஸ்விட்சைப் போட்டுப் பெடலை மிதித்தாளோ இல்லையோ, ஊசி கடகடவென்று குத்திக்கொண்டே போகும். ரெக்சினில் வரிசையாக ஓட்டை விழும். மேல்நூல் எதையும் பிடிக்காமல் மேலேயே கிடக்கும். போதாக்குறைக்கு, அந்தப் பக்கம் நகர வேண்டிய ரெக்சின் தைக்கிறவள் வயிற்றைப் பார்த்து வரும்.

“என்னடி உனக்கு? யார் மேல கோவம்?” என்று மிஷின்காரம்மா மிஷினையே கேட்டாள்.

தெருவில் அவளுக்கு அதுதான் பெயர். பதினோரு வருஷம் அவள் வேலை பார்த்த உடுப்புக் கம்பெனியைப் பூட்டியபோது, உள்ளே இருந்த சாமான்களை ஆளுக்கொன்றாகத் தள்ளிவிட்டார்கள். அவள் உட்கார்ந்து தைத்த பவர் மிஷினே அவளுக்கு வந்து சேர்ந்தது. நாலு பேர் மூச்சு வாங்கத் தூக்கிவந்து முன்னறையில் இறக்கினார்கள். அன்றைக்கு அந்த அறையிலிருந்து கிளம்பிய கட்டில் ஒன்பது வருஷமாகத் திரும்பவில்லை. வார்ப்பிரும்புத் தலை, பலகை மேஜை, மேஜைக்கு அடியில் தொங்கும் மோட்டார், மோட்டாரிலிருந்து ஏறிப்போய்ச் சக்கரத்தைச் சுற்றும் ஒரு பெல்ட். இவ்வளவுதான் மிஷின். ஆனால் மூன்று மடிப்பு ரெக்சினை வெண்ணெய் மாதிரி குத்திப் போகும். வீட்டு மிஷின் அந்தப் பக்கம் தலைவைத்தே படுக்காது.

அவள் புருஷன் காயில்காரர். தெருமுனையில் கடை. எரிந்துபோன தண்ணீர் மோட்டார், மில் மோட்டார், ஃபேன் எல்லாம் அங்கே வரும். கருகிய கம்பியை உருவிப் போட்டு, புதுத் தாமிரக் கம்பி சுற்றி, வார்னிஷ் ஊற்றிக் காயவைத்து, கடைசியில் ஒரு கோட் நீலப் பெயிண்ட் அடித்துத்தான் வெளியே விடுவார். பழைய சட்டையோடு எந்த மோட்டாரும் தன் கடையை விட்டுப் போகக் கூடாது என்பது அவர் பிடிவாதம். வேலை எவ்வளவு சுத்தமோ வாய் அவ்வளவு மோசம். “ஓல்டேஜ் இல்லாதப்போ ஏன்யா போட்ட? உன் வீட்டு மோட்டார்னா அதுக்கு உசிரு இல்லையா?” என்று வருகிறவனை உண்டு இல்லை என்று ஆக்கிவிடுவார். திட்டு வாங்கினவன் அடுத்த தடவையும் அங்கேதான் வருவான்.

வீட்டிலும் அதே வாய்தான். இவளும் சளைத்தவள் இல்லை. உப்பு கூடினால் ஒரு சண்டை, குறைந்தால் ஒரு சண்டை. காலையில் அந்த வீட்டில் சத்தம் கேட்கவில்லை என்றால், ஆட்கள் வெளியூர் போய்விட்டார்களோ என்று பக்கத்து வீட்டார் எட்டிப் பார்ப்பார்கள்.

ஆறு மாதத்துக்கு முன்னால் ஒரு மத்தியானம் கடை ஸ்டூலிலிருந்து அவர் சரிந்தார். பக்கவாதம். ஆஸ்பத்திரியில் பத்தொன்பது நாள். கால் முக்கால்வாசி திரும்பி வந்தது. இடது கையில் மூன்று விரல் வந்தது, இரண்டு வரவில்லை. வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர், “அவர் மனசு நோகிற மாதிரி யாரும் எதுவும் பேசாதீங்க” என்றார். டாக்டர் ஏதோ போகிற போக்கில் சொன்னது அது. பின்கட்டில் குடியிருந்த நாத்தனார் அதை அப்படியே பிடித்துக்கொண்டாள்.

“அண்ணி, மெதுவாப் பேசுங்க. அண்ணி, பாத்திரத்தை அப்படி வைக்காதீங்க. அண்ணி, அண்ணன் காதுல எதையும் போடாதீங்க.”

வீடு கிசுகிசு வீடாகிவிட்டது. சோற்றில் உப்பே இல்லாத நாளில்கூட அவர் ஒன்றும் சொல்லாமல் தின்றார். “போடட்டுமா?” என்றால் “ம்”. “போதுமா?” என்றால் “ம்”. நாளெல்லாம் முன்னறை ஜன்னலோரம் நாற்காலியில் உட்கார்ந்து, தன் இடது கையை யாரோ கொடுத்துவிட்டுப் போன சாமான் போல மடியில் வைத்திருந்தார். இந்த மனுஷன் திரும்பிக் கடைக்குப் போவாரா என்பது ஒன்றுதான் மிஷின்காரம்மாவின் கவலை. மற்றதெல்லாம் அப்புறம்.

ஆகையால் மூன்று வாரத்துக்கு முன் கரண்ட் ஏறி இறங்கி மிஷின் மோட்டார் எரிந்தபோது, வெளியே சொன்னால் அடிக்க வருவார்கள், அவளுக்குக் கொஞ்சம் சந்தோஷமாகக்கூட இருந்தது. மோட்டாரைக் கழற்றி அவர் காலடியில் வைத்தாள்.

“நீங்களே கட்டிக் குடுங்க.”

அவர் மோட்டாரைப் பார்த்தார், கையைப் பார்த்தார். “முடியுமா?”

“எனக்கென்ன தெரியும்? நான் கஸ்டமர்.”

முன்பென்றால் ஒரு நாள் வேலை. இப்போது பதினாறு நாள் ஆனது. நாத்தனார் கடையிலிருந்து காயில் சுற்றும் மிஷினையும் கம்பியையும் கொண்டுவந்து வைத்தாள். அவர் வலது கையால் சுற்றி, இடது கையை எடை மாதிரி மேலே வைத்து, முடிச்சைப் பல்லால் இழுத்தார். இரண்டு தடவை பாதியில் பிசகி, சுற்றியதை எல்லாம் அவிழ்த்தார். மழை விடாததால் வார்னிஷ் காய வெயில் இல்லை. ஒரு அட்டைப்பெட்டிக்குள் குண்டு பல்பை எரியவிட்டு அதில் மோட்டாரை வைத்துக் காயவைத்தார். கடைசி நாள் நீலப் பெயிண்ட்.

செவ்வாய்க்கிழமை காலையில் மாட்டி ஸ்விட்சைப் போட்டபோது, மோட்டார் துளி அதிர்வில்லாமல் ஓடியது. காயில்காரர் கண்ணை மூடிக்கொண்டு காதைக் கொடுத்தார். உதடு ஒரு பக்கமாக இழுத்துச் சிரித்தார். ஆறு மாதத்தில் முதல் சிரிப்பு. நாத்தனார் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மிஷின்காரம்மா ரெக்சினை வைத்து மிதித்தாள். தையல் விழவில்லை.

அவர் நாற்காலியிலிருந்து கழுத்தை நீட்டினார். “என்ன?”

“ஒண்ணுமில்ல. மோட்டார் தங்கமா ஓடுது. மிஷின்லதான் ஏதோ கோளாறு.”

யோசிக்காமல் வாயில் வந்தது அது. சொன்ன பிறகு அதுவே சத்தியமாகிவிட்டது. அவளும் அதை நம்பினாள். மோட்டாரைத் தவிர மற்ற எல்லாவற்றிலும் கோளாறு தேடினாள்.

செவ்வாய் முழுக்க ஊசியும் நூலும். மூன்று ஊசி மாற்றினாள். நூல் போகிற வழியை அவிழ்த்து மறுபடி கோத்தாள். அடிநூல் கண்டு உட்காரும் பாபின் கேஸின் திருகாணியைக் கால் சுற்று இறுக்கி, அரைச் சுற்று தளர்த்தி, பண்ணாத கூத்தெல்லாம் பண்ணினாள். ரெக்சின் தன் பக்கம் வந்ததற்கு ரிவர்ஸ் லீவரைச் சந்தேகப்பட்டாள். அதன் ஸ்பிரிங் ரொம்ப நாளாகவே லொடலொட. அதற்கு ஒரு ரப்பர் வளையம் போட்டுக் கட்டினாள். ரெக்சின் முன்போலவே வயிற்றைப் பார்த்து வந்தது.

புதன்கிழமை மிஷின் தலையைப் பின்னால் சாய்த்து, அடியில் இருக்கும் ஷட்டிலைத் திறந்தாள். ஊசி கீழே போய் மேலே ஏறத் தொடங்குகிற அந்தக் கண நேரத்தில் ஷட்டிலின் மூக்கு வந்து நூலைக் கவ்வ வேண்டும். அதுதான் டைமிங். மயிரிழை பிசகினாலும் தையல் போச்சு. கம்பெனியில் மெக்கானிக்குகள் செய்வதைப் பார்த்திருக்கிறாள், தானாகத் தொட்டதில்லை. மூச்சைப் பிடித்துக்கொண்டு தளர்த்தி, நகர்த்தி, இறுக்கினாள். கையால் சுற்றினாள். அழகாகக் கவ்வியது. மோட்டாரைப் போட்டாள். ஓட்டை ஓட்டையாகப் போயிற்று.

அதற்கிடையில் ஆஸ்பத்திரி ஸ்டோர்காரர் போன் பண்ணினார். நாற்பது மெத்தை உறை அவருடைய ஆர்டர். அந்த ஆர்டர் வந்ததே ஒரு வேடிக்கை. புருஷனோடு ஆஸ்பத்திரியில் கிடந்த நாளில், மெத்தை உறையின் பிய்ந்த தையலில் இவள் விரலைவிட்டு, “யாருங்க இதைத் தச்சது? கையில தச்சாங்களா, கால்ல தச்சாங்களா?” என்று கேட்டிருக்கிறாள். கேட்ட நர்ஸ் போய் ஸ்டோரில் சொல்லிவிட்டாள்.

“சனிக்கிழமை வார்டு தொறக்குறாங்கம்மா. எத்தனை ஆச்சு?”

“பன்னெண்டு ஆச்சுங்க.”

“போன தடவையும் பன்னெண்டுதான் சொன்னீங்க.”

“சனிக்கிழமை எல்லாம் வந்துடும்ங்க” என்று வைத்துவிட்டாள். சொன்னது யாருடைய தைரியத்தில் என்று அவளுக்கே தெரியாது.

புதன் சாயங்காலம் மெக்கானிக்கை வரவழைத்தாள். கம்பெனி காலத்திலிருந்தே பழக்கம். எப்போதும் எண்ணெய் வாடை அடிப்பதால் ‘எண்ணெய்’ என்றே கூப்பிடுவார்கள், அவனும் கோபித்துக்கொள்ள மாட்டான். வந்தான், கையால் சுற்றிப் பார்த்தான், தலையாட்டினான். மோட்டாரில் போட்டுப் பார்த்தான். குனிந்து மேஜைக்கடியில் எட்டிப் பார்த்தான். குனிந்தவன் கொஞ்ச நேரம் நிமிரவில்லை. நிமிர்ந்து ஜன்னலோரம் பார்த்தான்.

காயில்காரர் அவனிடம், “மோட்டார் எப்படி?” என்றார்.

“உங்க வேலைக்கு என்னண்ணே குறை? சத்தமே வரல.” துணியை எடுத்து நகக்கண் நகக்கண்ணாகத் துடைத்தான். “அக்கா, ஷட்டில் தேஞ்சிருச்சு. கையால சுத்தும்போது நிதானமாப் புடிக்குது, ஸ்பீடுல விட்டுடுது. இந்த மாடலுக்கு இப்ப ஷட்டில் வர்றதில்ல.”

“அப்போ?”

“பாக்கலாம்க்கா.”

டீ வேண்டாம் என்றான். எண்ணெய் டீ வேண்டாம் என்று சொல்லி அவள் பார்த்ததில்லை. செருப்பைச் சரியாகக்கூட மாட்டாமல் போய்விட்டான்.

வியாழன் காலையில் நல்ல மழை. தகரக் கூரையில் விழுகிற சத்தத்தில் பேச்சே கேட்காது. காயில்காரர் நாற்காலியிலேயே தூங்கிப்போயிருந்தார். மிஷின்காரம்மா வேறு வழியில்லாமல் ஒரு உறையைக் கையால் சக்கரம் சுற்றித் தைக்க ஆரம்பித்தாள். ஒரு ஓரம் முடிவதற்குள் தோள்பட்டை கழன்றுவிட்டது. சரி, கடைசியாக ஒரு தடவை என்று பாபின் கேஸை எடுத்தாள். எள்ளளவு இருக்கிற அந்தத் திருகாணி கைதவறி உருண்டது.

“போ, நீயும் போ” என்று தரையில் குப்புறப் படுத்து மேஜைக்கடியில் கையைவிட்டுத் துழாவினாள். தலை இடிக்காமல் இருக்க இன்னொரு கையை மோட்டாரின் வயிற்றில் ஊன்றினாள். புதுப் பெயிண்ட் வழவழவென்றிருந்தது. அந்த வழவழப்பில் ஒரு இடத்தில் கட்டைவிரலுக்கு ஏதோ தட்டியது. தடவினாள். நீளமாக ஒரு மேடு, மேட்டின் முனையில் விரிந்த தலை. நகத்தால் சுரண்டினாள். நீலம் உதிர்ந்து, இரும்போடு வார்த்த ஒரு அம்புக்குறி வந்தது.

கம்பெனியில் ஒவ்வொரு மோட்டாரிலும் அந்த அம்பு இருக்கும். எந்தப் பக்கம் சுற்ற வேண்டும் என்பதற்கு.

படுத்தபடியே கையை நீட்டி ஸ்விட்சைப் போட்டாள். பெடலை உள்ளங்கையால் லேசாக அழுத்தினாள். மோட்டாரின் சக்கரம் மெதுவாகத் திரும்பியது. அம்பு அவள் பக்கம் காட்டியது. சக்கரம் சுவர்ப் பக்கம் போனது.

சக்கரம் ரிவர்ஸில் சுற்றுகிறது. இவ்வளவுதான். கையால் சுற்றும்போதெல்லாம் பழக்கத்தில் தன் பக்கமாகவே சுற்றியிருக்கிறாள், அதனால் தையல் விழுந்தது. மோட்டார் அந்தப் பக்கம் சுற்ற, ஷட்டிலும் திரும்பிச் சுற்றி, நூலைக் கவ்வாமல் ஓடியிருக்கிறது. ரெக்சின் வயிற்றைப் பார்த்து வந்ததும் அதனால்தான். ஓடுகிற சக்கரத்தை யார் பார்க்கிறார்கள்? தைக்கிறவள் கண் ஊசியில் இருக்கும். ஐயோ, மூன்று நாள்! அவள் தரையில் படுத்தபடி வாயைப் பொத்திக்கொண்டாள். சிரிப்பா அழுகையா என்று அவளுக்கே பிடிபடவில்லை.

திருகாணியைத் தேடி எடுத்து மாட்டிவிட்டுப் பின்கட்டுக்குப் போய், நாத்தனார் முன்னாலேயே எண்ணெய்க்குப் போன் போட்டாள்.

“நேத்து நீ குனிஞ்சு பாத்தியே, மோட்டார் எந்தப் பக்கம் சுத்துதுன்னு பாத்தியா இல்லையா?”

“பாத்தேன்க்கா.”

“அப்புறம் ஏன்டா ஷட்டிலைச் சொன்ன?”

“அண்ணன் மூஞ்சியப் பாத்தேன். எனக்கு வாய் வரல. விழுந்த பிறகு கட்டின மொத மோட்டார்... நான் எப்படிக்கா சொல்றது?”

“சொல்லிடாதீங்க அண்ணி” என்று நாத்தனார் அதற்குள் இவள் கையைப் பிடித்துக்கொண்டாள். “சொன்னா அண்ணன் தாங்காது. மறுபடி ஏதாச்சும் ஆச்சுன்னா?”

போனில் எண்ணெய், “அக்கா, சாயங்காலம் வர்றேன். அண்ணனைப் பின்கட்டுக்குக் கூட்டிட்டுப் போயிடுங்க. ரெண்டு வயரை மாத்திக் குடுத்தா முடிஞ்சுது. ஷட்டில் எங்கயோ கெடச்சுது, மாத்திட்டேன்னு சொல்லிடலாம். யாருக்கும் மனக்கஷ்டம் இல்ல” என்றான்.

நல்ல யோசனையாகத்தான் பட்டது. “சரி, வா” என்றாள்.

மத்தியானம் சோறும் பொரித்த முட்டையும் வைத்தாள். மழை விட்டிருந்தது. அவர் பாதி சாப்பிட்டுவிட்டுத் தட்டைத் தள்ளினார்.

“போதுமா?”

“ம்.” பிறகு, அபூர்வமாக, அவராகவே பேசினார். “ஷட்டில் வராதுன்னானே.”

“எங்கயாச்சும் கெடைக்கும். தேடுறான்.”

“பழசுக்கு எதுக்கு அலையணும். காயில் சுத்துற மிஷினை வெலைக்குக் குடுத்துடு. அவன்கிட்டச் சொன்னா ஆள் கூட்டிட்டு வருவான். உனக்குப் புது மிஷினா வாங்கிக்கோ.”

அவள் கையில் தட்டு அப்படியே நின்றது. “அதைக் குடுத்துட்டு நீங்க என்ன பண்ணுவீங்க?”

“எனக்கு எதுக்கு இனிமே? ஒரு மோட்டார் கட்டணும்னு இருந்துச்சு, கட்டிட்டேன். சத்தமே இல்லாம ஓடுது. போதும். கடையக் காலி பண்ணிடலாம்.”

அவர் அதை வருத்தமாகக்கூடச் சொல்லவில்லை. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. அந்த நல்ல மோட்டாரை ஒரு சாக்காக வைத்துக்கொண்டு மனுஷன் விடைபெறுகிறார். அந்தச் சாக்கைத் தூக்கிக் கையில் கொடுத்தது அவள்தான், எண்ணெய்தான், நாத்தனார்தான். ஆறு மாதமாக அடக்கிவைத்திருந்த வாய் திறந்துகொண்டது. தட்டை ணங்கென்று தரையில் வைத்தாள்.

“போதுமா? என்ன போதும்? பெருசா கட்டினீங்களே ஒரு மோட்டார், அது எந்தப் பக்கம் சுத்துதுன்னு பாத்தீங்களா?”

அவர் நிமிர்ந்தார். “என்னது?”

“ரிவர்ஸ்ல சுத்துது! மூணு நாளா என் மிஷினைப் பிரிச்சுப் போட்டிருக்கேன். ஊசிய மாத்தி, நூலை மாத்தி, ஷட்டிலைக் கழட்டி, நாய் படாத பாடு பட்டிருக்கேன். என் மிஷின்ல ஒரு கோளாறும் இல்ல. கோளாறு பூரா உங்க மோட்டார்ல! கண்ணை எங்க வெச்சுக்கிட்டு வயர் கட்டினீங்க?”

சொல்லி முடித்ததும் அவர் முகம் சிவந்தது. வாய் கோணுகிறதா, கண் சொருகுகிறதா என்று பார்த்தாள். டாக்டர் சொன்னது, நாத்தனார் சொன்னது எல்லாம் ஒன்றாக வந்து நின்றது. பாவி, என்ன காரியம் பண்ணிவிட்டேன் என்று அவர் தோளைப் பிடிக்கப் போனாள்.

அவர் அந்தக் கையைத் தட்டிவிட்டார்.

“ஏய்.”

அந்த ‘ஏய்’ காதில் விழுந்து ஆறு மாதமாகியிருந்தது.

“மோட்டாரைக் குடுக்கும்போது எந்தப் பக்கம் சுத்தணும்னு சொன்னியா நீ?”

“நான் சொல்லணுமா?”

“பின்ன? கடைக்கு வர்றவன் ஒவ்வொருத்தனையும் கேட்டு, சாக்பீஸ்ல எழுதிட்டுத்தான் நான் பிரிப்பேன். பெருசா கஸ்டமர்னு சொன்னல்ல? கஸ்டமர்தான் சொல்லணும்!”

“வீட்ல ஒம்பது வருஷமா ஓடுற மிஷின், உங்களுக்குத் தெரியாதா?”

“தைக்கிறது நீயா, நானா? அதுல அம்புக்குறி இருந்திருக்கணுமே, எங்க அது?”

“இருந்துச்சு! நல்லா இருந்துச்சு! மேல பெயிண்ட் அடிச்சு மூடினது யாரு?”

அவர் நாற்காலிக் கையைப் பிடித்து எழுந்தார். அவள் தாங்க வந்தாள், “தள்ளு” என்றார். சுவரைப் பிடித்து, மேஜையைப் பிடித்து, முட்டியை மடக்கித் தரையில் இறங்கினார். விழுந்த பிறகு அவர் தரையில் உட்கார்ந்ததே இல்லை. “ஸ்விட்சைப் போட்டு மிதி” என்றார். ஒரு துண்டுக் காகிதத்தை ஓடுகிற மோட்டாரின் சக்கரத்தில் காட்டினார். காகிதம் சுவர்ப் பக்கம் பறந்தது. அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஸ்டார்ட்டிங் காயில் முனைய மாத்திக் குடுத்துட்டேன்” என்றார், மெதுவாக. “கத்துக்குட்டி பண்ற தப்பு.”

“அழுறதா இருந்தா அப்புறமா அழுங்க. சனிக்கிழமை வார்டு தொறக்குறாங்க.”

“யாரு அழுறா? ப்ளக்கைப் புடுங்கு. ஸ்க்ரூ டிரைவர் எடு. இதில்ல, சின்னது. சின்னதுன்னா சின்னதுதான்டி, காதுல என்ன பஞ்சா?”

காயிலின் நாலு முனையையும் வெளியே கொண்டுவந்து கட்டுவது அவர் வழக்கம். அதனால் பிரிக்கிற வேலை இல்லை. மூடியைத் திறந்து, செத்த இரண்டு விரலையும் வயர்மேல் எடைக்கு வைத்து அழுத்திக்கொண்டு, இரண்டு முனைகளை இடம் மாற்றி முறுக்கினார். நெற்றியெல்லாம் வேர்த்துவிட்டது. அவள் உதவ நீட்டிய கையை மூன்று தடவை தட்டிவிட்டார். கால் மணி நேரம் ஆனது.

“போடு இப்போ.”

அவள் ஸ்டூலில் உட்கார்ந்து ரெக்சினை வைத்து மிதித்தாள். ரெக்சின் அவளை விட்டு அந்தப் பக்கம் கிளம்பியது. தையல் விழுந்தது. ஒரு முழம், இரண்டு முழம், ஓரம் முழுவதும். அவளுக்குக் கண் மறைத்தது, ஆனாலும் காலை எடுக்கவில்லை.

அவர் தரையிலிருந்தே கையை நீட்டி ரெக்சினை வாங்கி, வெளிச்சத்தில் பிடித்து, விரலால் நீவிக்கொண்டே போனார். ஒரு இடத்தில் விரல் நின்றது.

“இங்க ஒண்ணு விட்டிருக்கு. இந்தா, இங்கயும். ஷட்டில்ல கைய வெச்சியா?”

“டைமிங் பாத்தேன்.”

“யாரு உன்னை டைமிங் பாக்கச் சொன்னா? நல்லா இருந்த மிஷினைக் கெடுத்து வெச்சிருக்க!”

“உங்க மோட்டார் நல்லா இருந்தா நான் ஏன் அதுல கை வைக்கப் போறேன்?”

“மோட்டாரைப் பத்திப் பேசாத!”

“பேசுவேன்! தெரு முழுக்கக் கேக்குற மாதிரிப் பேசுவேன்! கடையத் தொறக்குற வரைக்கும் பேசிக்கிட்டேதான் இருப்பேன்!”

பின்கட்டிலிருந்து நாத்தனார் ஈரக் கையோடு ஓடிவந்தாள். அண்ணன் தரையில் கிடக்கிற கோலத்தைப் பார்த்து வாசற்படியிலேயே நின்றுவிட்டாள்.

“ஐயோ அண்ணே! என்ன ஆச்சு? அண்ணி, என்ன பண்ணீங்க அண்ணனை?”

காயில்காரர் மேஜைக்கடியிலிருந்து தலையை நீட்டினார். மூக்கில் உதிர்ந்த நீலப் பெயிண்ட் ஒட்டியிருந்தது.

“ஒண்ணும் ஆகல. நாங்க சண்டை போட்டுக்கிட்டிருக்கோம். நடுவுல வராத, போ” என்றவர், மறுபடி கூப்பிட்டார். “ஏய், நில்லு. மத்தியானம் முட்டையில உப்பே இல்ல. போட்டது நீயா, இவளா?”